தோல் வந்த பரிசல்

"கூட்டை வெறுமனே விடாதீங்கடா, விட்டா அது..." என்று பரிசல்காரர் கெம்பண்ணன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்ன சொன்னார் என்பதில்தான் புளியந்துறையில் இன்றைக்கும் தகராறு. விட்டா அது அழும் என்றார் என்பார்கள் சிலர், விட்டா எழுந்து போயிடும் என்றார் என்பார்கள் சிலர். டீக்கடை மாதம்மாளோ, அவர் அதைச் சொன்னபோதெல்லாம் வாய் நிறைய வெற்றிலை இருந்தது, மிச்சத்தை யாரும் கேட்டதில்லை, கேட்டதாகச் சொல்பவன் அத்தனை பேரும் புளுகன் என்பாள். மிச்சம் எதுவானாலும் முதல் பாதியை எல்லோரும் மதித்தார்கள். அணைத் தண்ணீரின் விளிம்பில் கால் நனைத்தபடி உட்கார்ந்திருக்கும் அந்த ஊரில், மூங்கிலைப் பிளந்து பரிசலுக்குக் கூடு முடைந்து முடித்த கையோடு, அதன்மேல் சாக்கும் தாரும் ஏறும்வரை, உள்ளே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிடுவார்கள். கல் இல்லாத கூட்டைக் கண்டால் வழிப்போக்கர்கூடக் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் நடப்பார்.

தீர்த்தகிரி கல்லை மறந்துவிட்டான்.

மறந்ததற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணத்துக்குப் பூங்கோதை என்று பெயர். அக்கரையில் இருந்த பாலமரத்துக்காட்டுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக, நீல நிற ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு துறைக்கு வருகிற நர்சு அவள். நாற்பதைத் தொட்டவள், ஊரார் கல்யாணப் பேச்சை எடுத்து எடுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டவள், பரிசல் சங்கத்து ஆட்கள் எல்லோரையும் வாய் நிறைய அண்ணா, அண்ணா என்று கூப்பிடுகிறவள். தீர்த்தகிரிக்கு அவளைவிட ஐந்தாறு வயது கூடுதல். சங்ககிரிப் பட்டறையில் லாரிகளுக்குப் பாடி கட்டிக் கட்டியே இளமையைத் தீர்த்துவிட்டு, முன்நெற்றி மேலேறிய பிறகு ஊருக்குத் திரும்பித் துடுப்பைப் பிடித்தவன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் கரையில் நினைப்பான், நடுத்தண்ணீரில் தொண்டை வரைக்கும் கொண்டுவருவான், அக்கரை வந்ததும் விழுங்கிவிடுவான். சொல்லி அவள் வேண்டாம் என்றுவிட்டால் அடுத்த நாளிலிருந்து வேறு ஆள் பரிசலில் ஏறுவாளே, இருக்கிற இந்தப் பயணமும் போய்விடுமே என்ற பயம்.

ஒருநாள் காற்று அடித்து, வட்டப் பரிசல் தட்டாமாலை சுற்றி, போக வேண்டிய இடத்தைத் தவிர மற்ற எல்லாத் திசைக்கும் போய் வந்தபோது, பெட்டியைத் திறந்து பார்த்த பூங்கோதை, "ஐஸ் உருகிடுச்சு. இந்த மருந்தையெல்லாம் இனிக் கொட்டத்தான் வேணும்" என்றாள். பிறகு, "ஏனுங்க, உங்க பரிசல் நேராவே போகாதுங்களா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே தீர்த்தகிரி நெல் காயப்போடும் களத்தில் சாக்கட்டியோடு மண்டியிட்டான். வட்டத்தை மறந்தான். இரண்டு பக்கமும் கூர்மையான, நடுவில் இரண்டு பேர் கால் நீட்டுகிற அளவுக்கு அகன்ற, வாழைப்பூ மடல் ஒன்றைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி ஒரு வடிவத்தை முழு அளவில் தரையிலேயே வரைந்தான், அழித்தான், வரைந்தான். லாரிக்கு முதலில் எலும்பு, அப்புறம்தான் தகடு, எலும்பு கோணினால் எந்தத் தகடும் அதை நிமிர்த்தாது என்று பட்டறையில் படித்ததை மறக்காமல், ஒற்றைக் கண்ணை மூடி மூங்கில் நெடுகப் பார்த்துப் பார்த்துக் கோணலை எடுத்தான். விலாக்களுக்கு இளமூங்கிலைச் சீவி, மாதம்மாளின் நெல் அவிக்கும் அண்டாவில் ஈரச்சாக்கைப் போர்த்தி ஆவியில் வேகவைத்து, சூடு கை பொறுக்கும் முன்பே முழங்காலில் வைத்து வளைத்தான். ஓர் ஆணி இல்லை. எல்லா மூட்டையும் மீன்பிடி நரம்பால் இறுக்கிக் கட்டினான், இறுக்கம் போதாது என்று அவிழ்த்தான், மறுபடி கட்டினான். ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து உலுக்கினால் கூடு முழுவதும் ஒரே உடம்பாய் அசைந்து அடங்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

"என்றா இது, பாடையா?" என்று டீக்கடையிலிருந்து மாதம்மாள் கத்துவாள். அவள் அவனுக்கு உடன்பிறந்த அக்கா, அதனால் அவளுக்கு அந்த உரிமை உண்டு.

"படகுக்கா. நேராப் போற படகு."

"நேராப் போயி என்ன பண்ணப் போற? நீதான் எதையும் நேராச் சொல்றதே இல்லையே."

கூடு முடிந்த அன்று மதியம், களியும் மொச்சைக் குழம்பும் ஒரு பிடி பிடித்துவிட்டு, கால் நீட்டினால் நீளம் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று சட்டையைக் கழற்றிவிட்டு அதற்குள் படுத்தவன், விலாக்கள் முதுகுக்கு அத்தனை இதமாக இருந்ததால், கல்லும் மறந்து, மேலே போர்த்த வாங்கி வைத்த கித்தானும் மறந்து கண்ணயர்ந்துவிட்டான். எழுந்தபோது கூட்டுக்குத் தோல் வந்திருந்தது.

தைத்த அடையாளம் கிடையாது, ஒட்டு கிடையாது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, உளுந்து வறுத்த கறுப்பில், சற்றே வியர்த்து, கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருந்தது. முன்முனையின் இடது பக்கம், தீர்த்தகிரியின் இடது கையில் உள்ளதைப் போலவே, சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. வாலுக்கு அருகே பருப்பளவு மச்சம் ஒன்று இருந்தது. மாதம்மாள் வந்து கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இவன் முதுகுல இருக்குதே, அதேதான். எங்கம்மா குளிப்பாட்டுறப்போ நான்தானே சொம்புத் தண்ணி ஊத்துவேன்" என்று சாட்சி சொன்னாள். ஊர் கூடிப் பார்த்தது. இப்படியும் நடக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வாங்கி வைத்த கித்தானை என்ன செய்வது என்றுதான் கேட்டார்கள், அதை மாரியம்மன் கோயில் பந்தலுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவானது.

அதன்பிறகு புளியந்துறைக்கு வேலை கூடிப்போனது. தோல் என்றால் சும்மாவா! சனிக்கிழமை சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்க்க வேண்டும், அரப்பு போட்டு அலச வேண்டும். வீட்டுக்கு ஒரு கரண்டி எண்ணெய் என்று முறை வைத்துக்கொண்டார்கள், தங்கள் வீட்டு எண்ணெயில்தான் மினுமினுப்பு கூடுதல் என்று பெண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். மயிர் வளர்ந்தது. வளரவிட்டால் தண்ணீர் பிடித்து வேகம் குறைகிறது என்று தெரிந்ததும், நாவிதர் அர்த்தநாரி முழங்கால் தண்ணீரில் நின்று படகுக்குச் சவரம் செய்தார். "மனுசன் மூஞ்சிய விட இது எவ்வளவோ மேலப்பா, பேச்சுக் கொடுக்குறதில்ல" என்று சந்தோஷப்பட்டார். வெகுநேரம் தண்ணீரில் கிடந்தால் துணி துவைத்த விரல் நுனி போல அடிப்பக்கம் சுருங்கியது, வெயிலில் கொஞ்சம் கிடத்தினால் சரியானது. கொசு கடித்தால் தடித்தது, வேப்பிலை மூட்டம் போட்டார்கள். கெண்டை மீன்கள் வந்து கொத்தினால் அதற்குக் கூச்சம் தாங்காது, துள்ளும், அதனால் ஏறுகிறவர்கள் பக்கக் கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும், செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்றும், அடிவயிற்றில் யாரும் கிச்சுகிச்சு மூட்டக் கூடாது என்றும் ஊர்க்கட்டுப்பாடு வந்தது. பரிசல் சங்கத் தலைவர் செங்கோடன், தானும் ஒரு நீட்டுக் கூடு கட்டி, சட்டையைக் கழற்றிக்கொண்டு ஒரு வாரம் மதியமெல்லாம் அதற்குள் படுத்துப் பார்த்தார். வெற்றிலை அகலத்துக்கு ஓரிடத்தில் தோல் வந்தது, அதிலும் ஒரு மரு. அதற்குமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, வடிவம்தான் சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்.

படகு நேராகப் போனதையும் சொல்ல வேண்டும். முதல் தடவை பூங்கோதை பெட்டியோடு ஏறி உட்கார்ந்ததும், ஒரு துடுப்புத் தள்ளலுக்கு அது வழுக்கிக்கொண்டு போன போக்கில் கரையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். காற்று குறுக்கே அடித்தது, படகு சட்டை செய்யவில்லை. அக்கரையில் இறங்கிப் பெட்டியைத் திறந்த பூங்கோதை, "ஐஸ் அப்படியே இருக்குதுங்க!" என்று கத்தினாள். கத்திய சத்தம் தண்ணீரைத் தாண்டி இக்கரைக்கு வந்து சேர்ந்தது, டீக்கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆனால் ஊர் கைதட்டியது ஐஸுக்கு மட்டும் இல்லை. அவள் காலை வைத்த அந்தக் கணத்தில், படகின் முன்முனையில் தொடங்கி வால்வரைக்கும், காற்று பட்ட கம்பங்கொல்லை போல, தோல் முழுவதும் சடசடவென்று புல்லரித்ததை அவர்கள் பார்த்துவிட்டிருந்தார்கள்.

தை மாதம், பனி இருந்தது. பூங்கோதைகூட இறங்கும்போது படகின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, "குளிருதா இதுக்கு?" என்று கேட்டாள். "ஆமாங்க, குளிருதுங்க" என்றான் தீர்த்தகிரி. மறுமுறை அவள் தெர்மாமீட்டர் கொண்டுவந்து முன்முனையில் இடுக்கி வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. மாசியிலும் குளிருதுங்க என்றான். பங்குனியிலும் என்றான். மாதம்மாள் இதையெல்லாம் டீ ஆற்றிக்கொண்டே கவனித்தாள். ஒருநாள் பாய்லரைத் தட்டி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தன் கண்டுபிடிப்பை வெளியிட்டாள்.

"தாசில்தார் ஏறினாரு, ஒண்ணும் ஆகல. மாப்பிள்ளை ஊர்வலம் போச்சு, ஒண்ணும் ஆகல. நானே ஏறினேன், கூடப்பொறந்தவ, ஒரு மயிர் எந்திரிக்கல. நர்சம்மா காலை வெச்சா மட்டும் சிலுக்குது. ஏன்டா தம்பி, உனக்கு அந்தப் புள்ளைய மட்டும் பார்த்தாத்தான் குளிருதா?"

தீர்த்தகிரி டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் படகின் மேல் பாயைப் போட்டு மூடினான். பாய்க்கு அடியில் புல்லரித்து, பாயே மேலெழும்பியது. அதைக் கழற்றி எறிந்தான். அதற்குள் செய்தி சுற்று வட்டாரத்துக்கெல்லாம் போய், பூங்கோதை துறைக்கு வருகிற நேரத்துக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பஸ் ஏறி வந்தார்கள். வேகவைத்த கடலை விற்கிறவள் கூடையை இறக்கினாள். பூங்கோதை பெட்டியோடு இறக்கத்தில் தென்பட்டதும் பேச்சு அடங்கும், அவள் செருப்பைக் கழற்றும்போது மூச்சு அடங்கும், கால் படகில் படும், தோல் சிலிர்க்கும், கரை முழுக்க "ஹா" என்று ஒரு பெருமூச்சு கிளம்பும். கல்யாணமாகிப் பலகாலமான புருஷன் பெண்டாட்டிகள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். ஆனால் அவளிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது, நடுவில் நாம் யார் என்று ஊர் ஒரே மனதாக இருந்தது. இந்த ஒரு விஷயத்தைத் தவிர வேறெதிலும் அந்த ஊர் அப்படி ஒற்றுமையாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

வைகாசி பிறந்தது. மேலே மழை பிடித்தால் அணைக்குப் புதுத்தண்ணீர் வந்துவிடும், அதற்கு முன்னால் எல்லாப் பரிசல்களையும் கரையில் கவிழ்த்துப் போட்டு, ஒரே நாளில், ஒரே அடுப்பில் தார் காய்ச்சிப் பூசுவது துறை வழக்கம். செங்கோடன் தீர்த்தகிரியைத் தேடி வந்தார்.

"தாருக்கு ஒரு டின் உன் படகுக்கும் எடுத்து வெச்சிருக்கேன் மாப்ள."

"இதுக்கெதுக்குங்க மாமா? இது ஒழுகறதில்லையே."

"ஒழுகுதா ஒழுகலையான்னு நான் கேட்கல. புதுத்தண்ணி வந்தா இந்தத் தோலு தாங்குமா தாங்காதான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. துறைக்குன்னு ஒரு சட்டம் இருக்குது. வத்தின தண்ணியில இத்தனை நாளு கண்டுக்கல, தார் நாளுக்கு அப்புறம் விட முடியாது. தார் பூசின பரிசல்ல ஊரார் ஏறலாம். பூசாததுல சொந்தபந்தம் மட்டும்தான் ஏறலாம், முழுகினா அவங்க குடும்பத்தோட போகட்டும்னு. கெம்பண்ணன் காலத்துல இருந்து அப்படித்தானே? மீறினா உனக்குத் துறையில பரிசல் ஓட்ட முறை கிடையாது."

"தார் பூசினா இந்தத் தோலு..."

"செத்துப்போகும். அப்புறம் அது சும்மா படகு. நேராப் போகும், பேசாமப் போகும்." செங்கோடன் குரலைத் தாழ்த்தினார். "உனக்கும் நல்லதுதானேப்பா. மானம் மிஞ்சும். கரையில கூட்டம் கூடாது. அந்தப் புள்ள வழக்கம்போல வரும், நீ வழக்கம்போலக் கொண்டுபோய் விடலாம்."

அதைத்தான் தீர்த்தகிரி இரவெல்லாம் மனதில் புரட்டினான். தார் பூசினால் எதுவும் போகாது. அவள் வருவாள், உட்காருவாள், ஐஸ் உருகாது, அவன் தொண்டையில் இருப்பது தொண்டையிலேயே இருக்கும். பூசாவிட்டால் முறை போகும், சோறு போகும். அவளை ஏற்றவேண்டுமென்றால் அவள் தனக்கு யார் என்று ஊர் முன்னால் சொல்ல வேண்டும், அவள் இல்லை என்றால் படகும் போகும் பயணமும் போகும். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. திருவிழாவுக்கு முதல் மேளம் தூரத்தில் கேட்டால் குழந்தைக்கு இருக்குமே, அது.

தார் நாளுக்கு முந்தின பயணம். வெயில் தண்ணீரைத் தகரமாக அடித்து வைத்திருந்தது. நடு அணையில் பூங்கோதை பெட்டியை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, கையை வெளியே நீட்டி, படகின் விலாப்பக்கத்தைத் தடவினாள். விரல் போன இடமெல்லாம் மயிர் எழுந்து நின்றது.

"ஏனுங்க."

"சொல்லுங்க நர்சம்மா."

"குளிருதுங்களா இதுக்கு?"

"ஆமாங்க. கொஞ்சம்..."

"வைகாசி வெயிலுங்க. பாறையில முட்டை உடைச்சு ஊத்தினா வெந்துடும். நான் நர்சுங்க, தோலு எதுக்குச் சிலிர்க்கும்னு படிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

துடுப்பு அவன் கையை விட்டுத் தண்ணீரில் விழுந்தது. அவளே எட்டி எடுத்து, முந்தானையில் துடைத்து, அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். வாயைத் திறந்தான், வந்தது என்னவோ இருமல்தான். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை, அக்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது மட்டும், "நாளைக்குத் தார் பூசுறாங்களாமே" என்றாள். "உங்க அக்கா சொன்னாங்க. சட்டத்தையும் சொன்னாங்க."

மறுநாள் காலையில் கரை முழுவதும் பரிசல்கள் ஆமைகள்போல் கவிழ்ந்து கிடந்தன. தார் கொதித்துக் குமிழியிட்டது. வட்டப் பரிசல்கள் எல்லாவற்றுக்கும் பூசி முடித்தாயிற்று, முதலில் காய்ந்த இரண்டைத் தண்ணீரில் இறக்கியும் விட்டார்கள். நீட்டுப் பரிசல் மட்டும் புதிதாய்ச் சவரம் செய்து, எண்ணெய் மினுங்க, மணலில் கிடந்தது. செங்கோடன் கொண்டுவந்து வைத்த டின் அதன் பக்கத்தில் ஆவி பறக்க நின்றது. தீர்த்தகிரி தென்னம்பாளைத் தூரிகையைக் கையில் பிடித்தபடி நின்றான். ஊர் கடலையைக்கூட உரிக்காமல் நின்றது.

"நனைச்சு இழு மாப்ள, ஆறிடப் போகுது" என்றார் செங்கோடன்.

"இருய்யா, அவன் யோசிக்கட்டும். மனுசன் ஆயுசுல ஒரு தடவை யோசிக்கிறான்" என்றார் அர்த்தநாரி.

அப்போது பூங்கோதை இறக்கத்தில் வந்தாள். தோளில் பெட்டி. தண்ணீரில் தயாராக மிதந்த வட்டப் பரிசலிலிருந்து ஓர் ஆள், "வாங்க நர்சம்மா, நம்மளுது காஞ்சிடுச்சு" என்று கூப்பிட்டான்.

"இருக்கட்டுங்கண்ணா" என்றாள் அவள்.

மாதம்மாள் பாய்லரை விட்டுவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை. "ஏன் சாமி, உன்னை ஒண்ணு கேட்கணும்னு ரொம்ப நாளா. எல்லாப் பயலுவளையும் அண்ணா அண்ணாங்கற. எந்தம்பிய மட்டும் ஏன் ஒரு நாளும் அண்ணான்னு கூப்பிட்டதில்ல?"

பூங்கோதையின் முகம் சிவந்தது. "அதை உங்க தம்பி இன்னும் கேட்கலையேக்கா" என்றாள்.

கரையில் யாரோ விசிலடித்தார்கள், யாரோ அவர்களை அதட்டினார்கள். பூங்கோதை நேராக நீட்டுப் பரிசலிடம் வந்தாள். பெட்டியை மணலில் இறக்கினாள். செருப்பைக் கழற்றினாள், ஆனால் ஏறவில்லை. அவள் நிழல் பட்ட மாத்திரத்திலேயே தோல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலை அலையாகச் சிலிர்த்தது, எண்ணெய்ப் பளபளப்பில் ஒவ்வொரு புள்ளியும் வெயிலைப் பிடித்து மின்னியது. அதை இத்தனை கிட்டத்தில் இதற்குமுன் பார்த்திராத செங்கோடன் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். தீர்த்தகிரியின் கையிலும் அதே போல மயிர் எழுந்து நின்றதை இப்போது எல்லோரும் பார்த்தார்கள். மறைத்துக்கொள்ள அவன் போட்டிருந்ததோ அரைக்கைச் சட்டை.

"ஏனுங்க" என்றாள் பூங்கோதை. "பத்தரைக்குள்ள நான் அக்கரையில இருக்கணும். பிள்ளைங்க காத்திருக்கும், ஐஸும் காத்திருக்காது. பூசறதா இருந்தா பூசுங்க, நான் அந்தண்ணன் பரிசல்ல போயிக்கிறேன். பூசலைன்னா இதுல யார் ஏறலாம், யார் ஏறக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும். சீக்கிரம் ஒண்ணு சொல்லுங்க."

தீர்த்தகிரி டின்னைப் பார்த்தான், படகைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தூரிகையைச் செங்கோடன் கையில் கொடுத்தான்.

படகுக்குத் தார் பூசுவதில்லை என்று முடிவு செய்தான்.